பன்னிரண்டாவது மைலில் கரி தீரும்

1

இந்தக் கதை ஒரு கேண்டீனில் கிடைத்தது. ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு ராத்திரி ஷிப்ட். வேலை முடிந்து, யாரோடும் பேசப் பிடிக்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் காசிநாதன், பாடாலூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கேட்காமலேயே சொன்னார்:

"யுத்த காலத்துல பெட்ரோல் கெடையாது தம்பி. பஸ்ஸெல்லாம் கரியில ஓடுச்சாம். பின்னாடி பெருசா ஒரு தொட்டி. அடுப்புக்கரியப் போட்டு எரிச்சா ஒரு வாயு வரும், அதுல இன்ஜின் ஓடும். வழியில எங்க நிக்கும்னு ஒருத்தனுக்கும் தெரியாதாம்."

ஒருத்தனுக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தொட்டியில் கரி போட்டவனுக்கு.

கதையின் மூலம் இவ்வளவுதான். மிச்சம் நான் சேர்த்தது. நடந்த கதை என்று நினைத்து உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் பட்டம் வாங்கப் போய் நடுவில் காலேஜை விட்டவன் நான். ஏன் விட்டேன் என்பது கதைக்கு வேண்டாம். எந்தப் பாடத்தில் விட்டேன் என்பது வேண்டும். அது கடைசியில் வரும்.

2

முதல் வாக்கியத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"1943ஆம் வருடம், சித்திரை மாதத்துக் காலையில், பெரம்பலூர் கடைவீதியில் கரும்புகை கக்கியபடி ஒரு பேருந்து—"

நிறுத்திவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் பத்தாவது வரியில் அழுகிற குழந்தை ஒன்று வந்தே தீரும்.

"செல்வநாதன் அவளை விரும்பினான்."

இது சரிதான். ஆனால் இதைச் சொல்லிவிட்டால் அப்புறம் சொல்ல என்ன இருக்கிறது?

"ஒரு கூடை கரிக்கு வண்டி இரண்டு மைல் போகும்."

இதை வைத்துக்கொண்டேன். கதையில் நடக்கிற எல்லாவற்றையும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து எடுத்துவிடலாம்.

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு இருபது மைல் என்று வைத்துக்கொள்கிறேன். (உண்மையில் சற்றுக் குறையும். கணக்குக்கு இருபதுதான் வசதி.) அப்படியானால் பத்துக் கூடை கரி போதும். செல்வநாதன் அந்த பஸ்ஸில் கரி போடுகிறவன். வயது இருபத்து மூன்று. விடிந்ததும் தொட்டியில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, கைப்பிடியைச் சுற்றிக் காற்று ஊதி, வாயு வந்ததும் "அண்ணே, எடுக்கலாம்" என்று டிரைவர் அமிர்தலிங்கத்துக்குக் குரல் கொடுப்பான். அப்புறம் பின்படியில் தொங்கிக்கொண்டு வருவான். மூக்குத் துவாரத்திலிருந்து கால் நகம் வரை கறுப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும் அவன் நிறம் என்னவென்று ஊருக்குத் தெரியும்.

3

ஒரு மழைக்காலத்தில் கரி நனைந்துபோய், கணக்கு இல்லாமல் எரிந்து, வண்டி பன்னிரண்டாவது மைலில் படுத்துவிட்டது. பேரளி தாண்டி ஒரு சின்ன ஊர். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஊர்க்காரர்கள் யாராவது வந்து எங்கள் ஊரில் அப்படி ஒரு வீடே இல்லை என்பார்கள்.

வீடு சாலையை ஒட்டி இருந்தது. சவரியார் என்ற விவசாயியின் வீடு. கருவேல மரம் வெட்டி மண்ணால் மூடி எரித்துக் கரி எடுப்பது அவருக்கு வெள்ளாமை இல்லாத மாதங்களில் தொழில். கரிக்காக நின்ற வண்டி கரி விற்கிற வீட்டு வாசலில் நின்றது. இது தற்செயல். கதையில் ஒரு தற்செயலுக்கு எனக்கு உரிமை உண்டு, இதோடு தீர்ந்தது.

சவரியாரின் மகள் செபஸ்தியம்மாள் கூடையோடு வந்தாள். கூடையைச் செல்வநாதன் கையில் கொடுக்கவில்லை. தொட்டி மூடியை அவளே திறந்து உள்ளே பார்த்தாள்.

"தூளையும் சேத்துப் போட்டிருக்கீங்க. தூளு போட்டா மூச்சு அடைச்சுக்கும்."

"யாருக்கு?"

"வண்டிக்கு. ஒங்களுக்குன்னா நெனச்சீங்க?"

பயணிகள் சிரித்தார்கள். அவள் சல்லடையில் கரியை ஆட்டி, தூள் போக்கி, உருண்டையாக இருந்ததை மட்டும் கொட்டினாள். செல்வநாதன் கைப்பிடியைச் சுற்றினான். மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்கும். வண்டி கிளம்பியது. அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தன்னைப் பார்க்கிறாள் என்று செல்வநாதன் நினைத்தான்.

(இந்தக் கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி சேர்த்திருக்கிறேன். பின்னால் தேவைப்படும்.)

4

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம். பத்தாம் வகுப்புக்கு மேல் போகாது.

செல்வநாதன் ஹைஸ்கூலில் நாலாம் பாரம், இன்றைய கணக்கில் ஒன்பதாம் வகுப்பு, வரை படித்தவன். வரைபடம் போடத் தெரியும். யுத்தத்தில் காகிதம் கிடைக்காத காலம். அவனிடம் கரிக்குப் பஞ்சம் இல்லை. பெரம்பலூர் ஷெட்டின் சுண்ணாம்புச் சுவரில் கரித்துண்டால் இரண்டு கோடு இழுத்தான். படுத்திருக்கும் கோடு எக்ஸ் அச்சு. அதில் மைல். நிமிர்ந்திருக்கும் கோடு ஒய் அச்சு. அதில் கரிக்கூடை. வண்டி ஓட ஓடக் கரி குறையும். ஆகவே மேலே இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் இறங்குகிற ஒரு நேர்கோடு.

அந்தக் கோடு இரண்டு அச்சையும் ஒவ்வோர் இடத்தில் வெட்டும். பாடப் புத்தகத்தில் இவற்றுக்கு வெட்டுத்துண்டு என்று பெயர். ஒய் அச்சை வெட்டுகிற இடத்தில் மைல் பூஜ்யம்: வண்டி பெரம்பலூரை விட்டு நகரவில்லை, தொட்டி நிறைய கரி. எக்ஸ் அச்சை வெட்டுகிற இடத்தில் கரி பூஜ்யம்: வண்டி எங்கோ வழியில் நிற்கிறது.

கண்டுபிடிக்கும் முறை சுலபம். ஆனால் பரீட்சையில் பாதிப் பேர் தப்பாகச் செய்வார்கள். எக்ஸ் எங்கே என்று தெரிய வேண்டுமானால் பூஜ்யமாக்க வேண்டியது எக்ஸை அல்ல, ஒய்யை. எது வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்றதைக் காலி செய்ய வேண்டும். மனம் கேட்காது. வேண்டியதன் மேலேயே கை போகும்.

செல்வநாதனுக்கு வேண்டியது பன்னிரண்டாவது மைல். அங்கே கரி பூஜ்யம். ஒரு கூடைக்கு இரண்டு மைல். பின்னோக்கிப் போனால், புறப்படும்போது ஆறு கூடை.

y = 6 − x/2

எக்ஸுக்குப் பூஜ்யம் போட்டால் ஆறு. ஒய்க்குப் பூஜ்யம் போட்டால் பன்னிரண்டு. சுவரில் ஆறையும் பன்னிரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்துவிட்டு, பன்னிரண்டின் மேல் ஒரு சின்னச் சிலுவை போட்டான். யாராவது கேட்டால் மாதா கோயில் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மறுநாள் ஆறு கூடை போட்டான். வண்டி பத்தாவது மைலில் நின்றது.

ஒரு பக்கம் கள்ளிக்காடு, இன்னொரு பக்கம் சுடுகாடு. பயணிகள் திட்டினார்கள். செல்வநாதன் வெயிலில் நடந்து சவரியார் வீட்டுக்குப் போய், கரி வாங்கித் தலையில் வைத்துத் திரும்பி நடந்தான். அவள் அவனிடம் பேசியது ஒரே வார்த்தை: "மறுபடியுமா?"

தப்பு எங்கே என்று அன்று முழுக்க யோசித்தான். கோட்டில் தப்பில்லை. நெருப்பு வைத்து வாயு வரும்வரை, வண்டி நகர்வதற்கு முன்பே, ஒரு கூடை எரிந்துவிடுகிறது. தொட்டியில் கொட்டிய கரி வேறு, சக்கரம் உருளத் தொடங்கும்போது மிஞ்சியிருக்கிற கரி வேறு. ஒய் அச்சில் வைக்க வேண்டியது மிஞ்சியதை.

அடுத்த நாள் ஏழு கூடை போட்டான். வண்டி சவரியார் வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், இருமி இருமி நின்றது.

* இங்கே காசிநாதன் குறுக்கிட்டார். எழுதிய வரைக்கும் படிக்கக் கொடுத்திருந்தேன். "கரி அப்படிச் சுத்தமாத் தீராது தம்பி. அடியில கொஞ்சம் கெடக்கும், ஆனா வாயு வராது. மேடு வந்தா அதிகம் குடிக்கும். ஒன் கோடு நேரா போகாது." அவர் சொல்வது சரி. கோடு நேராகப் போகாது. நேராகப் போவதாக நினைத்துக்கொண்டால்தான் செல்வநாதனால் அன்று தூங்க முடியும்.

5

அதிலிருந்து வாரத்தில் பல நாள் வண்டி அங்கே நின்றது. வாங்குகிற கரியை அமிர்தலிங்கம் வசூலில் கழித்துக்கொள்வார். ஈரக்கரி என்று முதலாளியிடம் சத்தியம் செய்வார். பஸ் கிளம்பின பிறகு ஷெட்டில் மிஞ்சிக் கிடக்கிற கூடைகள் மறுநாளைக்கு ஆகும், யாருக்கும் நஷ்டமில்லை. பயணிகளின் நேரத்தைத் தவிர.

பயணிகளில் ஒருவர் உத்திராபதி. அரியலூர் கோர்ட் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவர். தினமும் வருகிறவர். அவருக்கு நான் கதையில் கொடுத்திருக்கும் வேலை, எல்லாரும் நினைப்பதை வாய்விட்டுச் சொல்வது.

"ஏம்ப்பா செல்வநாதா, ஒங்க பஸ்ஸுக்கு இந்த ஊருக்கு வந்தாதான் சாமி வருமா?"

"ஈரக்கரி சார்."

"ஈரக்கரிக்கு ஊரு பேரெல்லாம் தெரியுதே."

"எறங்கிக் காத்தாட நில்லுங்க சார்," என்றார் அமிர்தலிங்கம். "டிக்கெட்டுல காத்துக்குத் தனியாக் காசு கெடையாது."

பின்பக்கம் வந்து செல்வநாதனிடம் மட்டும் சொன்னார்: "கூடைய வாங்குறப்ப ஒம் மூஞ்சிய நீ பாக்கணும்டா. இவ்வளவு கரி பூசியிருக்கு, அப்பவும் தெரியுது."

அவனுக்கு அந்தப் பத்து நிமிடம்தான். அவள் சல்லடை ஆட்டுவாள். அவன் கைப்பிடி சுற்றுவான். இருவருக்கும் நடுவில் தொட்டி சூடாக நிற்கும். பேச்சு இப்படித்தான் இருக்கும்:

"அரியலூருக்கு அப்பால என்ன இருக்கு?"

"ரயிலு."

"ரயிலுக்கு அப்பால?"

"விருத்தாசலம். விழுப்புரம். மெட்ராசு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்ல. நமக்குக் கரி அரியலூர் வரைக்கும்தான்."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு பஸ்ஸின் முன்பக்கத்துப் பலகையைப் பார்த்தாள். அதில் அரியலூர் என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும் அவள் அந்தப் பலகையைப் பார்ப்பதைச் செல்வநாதன் கவனித்திருந்தான். முதல் நாள் அவள் பார்த்துக்கொண்டு நின்றது தன்னை அல்ல என்று அவனுக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது. புரிந்த பிறகும் ஏழு கூடைதான் போட்டான்.

அவன் பெரம்பலூரில் தொட்டி நிறையக் கரியோடு நிற்கும்போது அவள் இல்லை. அவள் இருக்கும் இடத்துக்கு அவன் வந்து சேரும்போது கையில் ஒன்றும் இல்லை. சுவரில் இருந்த கோடு இதைத்தான் சொன்னது. அதை அவன் கணக்காக மட்டும் பார்த்தான். நான்தான்—

(வேண்டாம். அவனே பார்க்காததை நான் பார்த்துச் சொல்லக் கூடாது.)

6

காசிநாதன் மறுபடி வந்தார். இதுவரை படித்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இதுல தடை எங்க தம்பி? ரெண்டும் ஒரே வேதம், ஒரே சனம். அப்பன் சவரியாரு நல்ல மனுசன்னு வேற தெரியுது. போயிப் பொண்ணு கேட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்குக் கரியெல்லாம்?"

"கேக்க மாட்டான் அண்ணே."

"ஏன்? வாயில கொழுக்கட்டையா?"

நியாயமான கேள்வி. தடை இல்லாத காதல் எழுதுகிறவனுக்குப் பெரிய இடைஞ்சல். சாதியைக் கொண்டுவந்தால் சுலபமாக இருந்திருக்கும். முடிவும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அதனால்தான் கொண்டுவரவில்லை. அவன் கேட்காததற்கு மூன்று காரணம் எழுதி வைத்தேன்.

முதல் காரணம், யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்துவிட்டால் கரி போடுகிறவனுக்கு வேலை இல்லை.

இரண்டாவது, அவனுக்கு வீட்டில் பேச ஆளில்லை. (பொய். அமிர்தலிங்கம் பேசியிருப்பார்.)

மூன்றாவது, கேட்டால் அவள் சரி என்று சொல்லிவிடக்கூடும்.

மூன்றாவதுதான் காரணம். சவரியார் கேட்டால் அவள் தலையாட்டியிருப்பாள். அந்தப் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் வளர்ந்தார்கள். அப்புறம் அவள் வாழ்நாள் முழுக்கப் பலகையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். அவன் அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

இதைக் காசிநாதனிடம் சொன்னேன்.

"அப்ப அவன் நல்லவனா, கோழையா?"

"எனக்கே தெரியலண்ணே. அதுக்குத்தான் எழுதுறேன்."

7

மாசி மாதத்தில் ஒரு நாள். வழக்கம்போல வண்டி நின்றது. செபஸ்தியம்மாள் சல்லடையை ஆட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்:

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"சனிக்கெழமை மட்டும் வண்டி இங்க நிக்காமப் போவுதே, ஏன்?"

"சனிக்கெழமை முதலாளியே நின்னு அளப்பாரு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. சல்லடை நின்றது.

"அப்ப மத்த நாளு நீங்க அளக்குறீங்க."

கைப்பிடியைச் சுற்றுவதைத் தவிர அவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை. சுற்றினான். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டாள் என்று எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. மிச்சக் கரியைக் கொட்டிவிட்டு முந்தானையில் கை துடைத்தாள்.

"நான் போறேன். மெட்ராசுக்கு. பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸு வேலை கத்துத் தராங்களாம். யுத்தத்துக்கு ஆளு பத்தலன்னு. வரதராஜன்பேட்டை சிஸ்டரு நாலு பேரக் கூட்டிட்டுப் போறாங்க. அரியலூர்ல ரயிலு. நேரத்துக்கு வராதவ எடத்துக்கு வேற ஒருத்தி தயாரா நிக்கிறா. அவளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்காங்க."

"எப்போ?"

"வர்ற திங்கக்கெழமை. ஒங்க வண்டியிலதான் வரணும். வேற வண்டி ஏது?"

தூரத்தில் உத்திராபதி சத்தம் போட்டார்: "என்னப்பா, சாமி மலையேறிருச்சா, கெளம்பலாமா?"

செபஸ்தியம்மாள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டடி போய்த் திரும்பினாள்.

"திங்கக்கெழமை அளக்குறது நீங்கதான?"

"ஆமா."

"சரி."

அவ்வளவுதான் சொன்னாள். அந்தச் சரிக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். நிறையப் போடுங்கள் என்றாளா? குறைத்துப் போடுங்கள் என்றாளா? நீங்கள் என்ன போடுகிறீர்கள் என்று பார்க்கிறேன் என்றாளா? ஐந்தாறு விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு பொருள் வந்தது.

8

ஆகவே மூன்று முடிவு.

(அ) செல்வநாதன் ஏழு கூடை போடுகிறான். வண்டி வழக்கம்போல அவள் வீட்டு வாசலில் நிற்கிறது. சவரியார் கரி தருகிறார். வண்டி கிளம்புகிறது. அவள் பிரயாணம் பத்து நிமிடம் தாமதம், ரயில் கிடைத்துவிடும். இதில் அவன் ஒன்றுமே செய்யவில்லை. கடைசியாகப் பத்து நிமிடம் வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான். அவன் சுபாவத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது. பொருந்துவதாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.

(ஆ) பதினொரு கூடை போடுகிறான். எரிந்தது போகப் பத்து. கோடு எக்ஸ் அச்சை அரியலூரில் தொடுகிறது. அவள் போகிறாள். அவன் ஸ்டேஷன் வாசலில் நின்று—

இல்லை. ரயிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனை எழுத மாட்டேன். ஏற்கெனவே நிறையப் பேர் நின்றாகிவிட்டது.

(இ) ஒன்பது கூடை. எரிந்தது போக எட்டு. வண்டி பதினாறாவது மைலில் நிற்கும். அங்கே ஊர் இல்லை, கரி இல்லை. சவரியார் வீட்டுக்குத் திரும்பி நடந்து வருவதற்குள் ரயில் போய்விடும். அவள் இடத்துக்கு வேறொருத்தி ஏறிவிடுவாள்.

திங்கட்கிழமை விடிகாலையில் அவன் ஷெட்டில் கூடையோடு நின்றான். சுவரில் பழைய கோடு இருந்தது. உள்ளங்கையால் அதை அழித்தான். அழித்த இடம் கறுப்பாகப் பரவியது. அதன் மேல் புதுக்கோடு ஒன்றும் தெரியாது. எட்டாவது கூடையைக் கொட்டினான். ஒன்பதாவது கூடையைக் கொட்டினான். பத்தாவது கூடையை எடுத்து, நின்று, திரும்பக் குவியலிலேயே கொட்டிவிட்டான்.

நான் அவனை அப்படிச் செய்ய வைக்கவில்லை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். பதினொன்று என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

9

சனிக்கிழமை அல்லாத ஒரு நாளில், பன்னிரண்டாவது மைலுக்கு வண்டி முதல் தடவையாகக் கரியோடு வந்தது. அவள் கைகாட்டி நிறுத்த வேண்டியிருந்தது.

வெள்ளைச் சேலை, தகரப் பெட்டி. சவரியார் பெட்டியை மேலே ஏற்றினார்.

"கரி வேணுமா தம்பி?" என்று கேட்டார்.

"வேணாங்க. இருக்கு," என்றான் செல்வநாதன்.

செபஸ்தியம்மாள் தொட்டிப் பக்கம் வந்தாள். மூடியைத் திறக்கவில்லை. கையில் இருந்த சுள்ளியால் தொட்டியின் வயிற்றில் ஒரு தட்டுத் தட்டினாள். காது கொடுத்துக் கேட்டாள். கரி எரிப்பவர் மகளுக்குச் சத்தம் போதும். அவன் முகத்தைப் பார்க்காமல் நடந்துபோய் ஏறினாள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, "அப்பா, அந்த மூட்டையக் குடுங்க" என்றாள்.

வேப்பமரத்தடியில் ஒரு சாக்கு மூட்டை தயாராக இருந்தது. சவரியார் அதை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தார். வெள்ளைச் சேலை கறுத்தது.

"என்னம்மா அது?" என்றார் உத்திராபதி.

"கரிங்க."

"மெட்ராசுல அடுப்பே எரிய மாட்டேங்குதாமா?"

"இருக்கட்டும் சார்."

"நேத்தே கட்டி வெச்சுட்டா," என்றார் சவரியார். "எதுக்குன்னா சொல்ல மாட்டேங்குறா. போயிட்டு வாம்மா. பதனம்."

நேற்றே கட்டி வைத்துவிட்டாள். இன்று தொட்டியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்பே. இந்த வரியை எழுதிவிட்டு நான் வெளியே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வந்தேன்.

ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். செல்வநாதனுக்கு அந்த இடம் பன்னிரண்டாவது மைல். அவளுக்கு அது பூஜ்யம். அவள் பிரயாணம் அங்கேதான் தொடங்குகிறது. ஒரே கோடுதான், ஆனால் ஒய் அச்சு நகர்ந்துவிட்டது. அவள் ஏறும்போது தொட்டியில் மிஞ்சியிருந்தது இரண்டு கூடை. அரியலூருக்கு நாலு வேண்டும். இரண்டு குறைகிறது என்று தெரிந்துதான் ஏறினாள்.

பதினாறாவது மைலில் வண்டி இருமியது. அமிர்தலிங்கம் கியரை மாற்றிப் பார்த்தார். இன்னொரு தடவை இருமிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் சோளம் அறுத்த கட்டாந்தரை.

எல்லாரும் செபஸ்தியம்மாளின் மடியைப் பார்த்தார்கள்.

"மூட்டை இருக்கே, எடுத்துப் போடுங்கப்பா. கோர்ட்டுக்கு நேரமாச்சு," என்றார் உத்திராபதி.

"சும்மா இருங்க சார்," என்றார் அமிர்தலிங்கம். முதல் தடவையாக அவர் குரலில் கேலி இல்லை. "மூட்டை அந்தப் பொண்ணோடது. கேக்க வேண்டியவன் கேக்கட்டும்."

10

"அப்புறம்?" என்றார் காசிநாதன்.

"அவ்வளவுதான்."

"என்னய்யா அவ்வளவுதான்? மூட்டைய அவுத்தாளா இல்லையா? நேரமிருக்கா? ரயிலு புடிக்கலாமா?"

"ஒடனே போட்டா புடிக்கலாம். தொட்டியில கங்கு இருக்கு."

"போடலேன்னா?"

"வூட்டுக்குத் திரும்பிப் போவா. போறப்பக் கூட ஒருத்தன் நடந்து போவான்."

காசிநாதனுக்குக் கோபம். "முடிக்கத் தெரியாதவன் எதுக்குய்யா ஆரம்பிக்கிற?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். போகும்போது என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார். பாதி நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

எனக்கு இருக்கும் சிக்கல் இது. இதுவரை கோடு இறங்கிக்கொண்டே வந்தது. அதற்கு என்னிடம் சமன்பாடு இருந்தது. அந்த மூட்டை தொட்டிக்குள் போனால் கோடு பதினாறில் அறுந்துவிடும். கீழே பூஜ்யத்தில் ஒரு நுனி. அதற்கு நேர் மேலே, எட்டாத உயரத்தில், இன்னொரு நுனி. நடுவில் ஒன்றும் இல்லை. அறுந்த இடத்தில் கோட்டின் மதிப்பு என்ன என்பது ஒரு தனிப் பாடம். அந்தப் பாடம் நடந்துகொண்டிருந்த வாரத்தில்தான் நான் காலேஜை விட்டேன். பதில் சொல்லும்போது வகுப்பில் நான் இல்லை. நீங்கள் இருந்திருக்கலாம்.

செல்வநாதனும் அந்தப் பாடம் படித்தவன் இல்லை. கரி குடு என்று கேட்டால் அவள் போய்விடுவாள். போகாதே என்று கேட்டால் அவள் இருந்துவிடக்கூடும். இவ்வளவு நாள் கேட்காமல் இருந்தே காலம் தள்ளியவன் இன்று எதையாவது ஒன்றைக் கேட்டாக வேண்டும். பின்படியிலிருந்து இறங்கி அவள் ஜன்னல் பக்கம் வருகிறான். தெற்கே, கல்லகம் பக்கம், அவள் ஏற வேண்டிய மெட்ராஸ் ரயில் ஊதுகிறது.

அவனை அங்கே நிறுத்திவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். இனி அவன் வாயில் என்ன வார்த்தை வரும் என்பது உங்கள் பொறுப்பு. அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டையின் வாயில் போட்டிருப்பது சுருக்கு முடிச்சு. ஒரே இழுப்பில் அவிழும். கயிற்றின் நுனி அவள் கையில் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் தொங்குகிறது.

அதை நான் அங்கே போடவில்லை. அவள் போட்டாள்.